ஸ்பாஞ்ச் கேக் தேடினால் ஐந்து அளவு வருகிறது, எதை நம்புவது?

கேள்வி: திருச்சியில் கேட்டரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிராக்டிகலுக்காகக் கூகுளில் ஸ்பாஞ்ச் கேக் தேடினேன். ஐந்து பக்கத்தில் ஐந்து அளவு. முதலில் வந்ததைச் செய்தேன். அடிப்பகுதி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. சரியான செய்முறையை எப்படித் தேடுவது?

பதில்: 'ஸ்பாஞ்ச் கேக்' என்று மட்டும் அடித்தால் குக்கர் கேக், முட்டையில்லாத கேக், மிக்ஸியில் அடித்த கேக் எல்லாம் வந்து விழும். வகுப்பில் சொல்லும் பெயரை, அதாவது முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சின் பெயரான 'ஜெனுவாஸ்' (genoise) என்பதை ஆங்கிலத்தில் அடியுங்கள். கூடவே 'கிராம்ஸ்' என்ற சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். முட்டையில்லாதது வேண்டாமா? 'எக்லெஸ்' என்ற சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஒரு கழித்தல் குறி. நான்கு முட்டைக்குச் சர்க்கரை 120 கிராம், மைதா 120 கிராம் என்ற கணக்கை ஒட்டி வந்தால் தைரியமாகச் செய்யலாம்.

கப் கணக்கில் சொல்லும் செய்முறையை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. வகுப்பில் ஒரே கப்பைக் கொடுத்து மைதா அளக்கச் சொன்னேன். ஸ்பூனால் மெல்லப் போட்டு நிரப்பியவருக்குத் தராசு 120 கிராம் காட்டியது. கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளியவருக்கு 150. உங்கள் ரப்பருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, 'முதலில் வந்ததைச் செய்தேன்' என்கிறீர்களே, என் கவலை அதில்தான். மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். கேக் என்றால் நான்கு முட்டையோடு போகும். இதே பழக்கத்தில் நாளைக்குக் 'கப்பலில் சமையல் வேலை' என்று தேடுவீர்கள். என் மாணவர் ஒருவர் அப்படி முதலில் வந்த ஏஜென்டை நம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்து 80 ஆயிரம் கட்டினார். ஆஃபர் லெட்டர் வந்தது. சேரும் தேதி வரவே இல்லை.

கப்பலுக்கு ஆள் எடுப்பவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதாவது கப்பல் வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புவதற்கான உரிமம், வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தர உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. புத்தகம் (கப்பல் ஊழியரின் அடையாள, பணிப் பதிவுப் புத்தகம்) ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. இந்த மூன்றைக் காட்டித்தான் பில்லை ஏற்றுவார்கள். அதனால் அவற்றை ஏஜென்ட் கையில் கொடுக்காமல், அந்தந்த இடத்தில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். விசா செலவு இதில் சேராது, அது கப்பல் முதலாளியுடையது. 'விசா பிராசஸிங்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்ட் அனுப்பும் லிங்கைத் தொட வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நீங்களே தேடுங்கள். தேடும் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'சைட்', முக்காற்புள்ளி, பிறகு 'ஜிஓவி.இன்' என்று இடைவெளியில்லாமல் அடித்தால் அரசுத் தளங்கள் மட்டும் வரும். கத்தி பிடிக்க வாரக்கணக்கில் சொல்லித் தருகிறோம். இதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உரிமப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். நல்ல நிறுவனத்தின் பெயரைச் சொல்லியும் ஏமாற்றுகிறார்கள். உரிம எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், விளம்பரத்தில் உள்ள செல்போன் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு நேரில் போய், உங்கள் பெயரில் வந்த ஆஃபர் லெட்டரைக் காட்டிக் கேளுங்கள்.