சால்டரிங் சந்தேகங்கள்: நடுகல்லாக எழும் கெப்பாசிட்டர்

கேள்வி: எல்இடி டிரைவர் போர்டில் ஈயமில்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவை) சால்டர் பேஸ்ட், 0603 அளவு சிறு கெப்பாசிட்டர்கள் பயன்படுத்துகிறோம். ரீஃப்ளோ (ஓவனில் பேஸ்டை உருக்கிப் பற்றவைப்பது) முடிந்து வரும்போது சி7 என்ற கெப்பாசிட்டர் மட்டும் அடிக்கடி ஒரு முனையில் எழுந்து நிற்கிறது. ஏன்?

பதில்: போர்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் பேஸ்ட் பிரின்டிங்கையும் பிளேஸ்மென்டையும் சந்தேகப்படலாம். எப்போதும் அதே சி7 என்றால் கோளாறு பெரும்பாலும் லேஅவுட்டில்தான். ஒரு பேட் (பாகத்தின் முனை பற்றும் செம்புத் திட்டு) மெல்லிய டிராக்கிலும், மற்றது நேராக கிரவுண்டு செம்புப் பரப்பிலும் சேர்கிறதா பாருங்கள். செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அந்தப் பக்கத்துப் பேஸ்ட் பிந்தி உருகும். உருகுநிலையான 217 டிகிரி செல்சியஸில் முந்தி உருகிய பக்கம் தன் பரப்பு இழுவிசையால் கெப்பாசிட்டரை இழுக்கும். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அது மேலே தூக்கிக்கொள்ளும். லென்ஸில் பாருங்கள்: விட்டுப்போன பேடிலும் சால்டர் உருகித்தான் இருக்கும், வெறும் மேடாக.

பழைய போர்டு ஒன்றில் இரு பேடிலும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) பொருத்தி ஓவனில் விடுங்கள். இரண்டும் 217-ஐத் தாண்டும் நேர வித்தியாசம் தெரிந்துவிடும். தற்காலிகமாக, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே போர்டு சீராகச் சூடாகும்படி ஓவனின் சோக் ஜோன்களை (உருகுமுன் சூட்டைச் சமன்செய்யும் பகுதிகள்) மாற்றி, 217-ஐ விநாடிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல் கடக்க விடுங்கள். நைட்ரஜன் ஓவன் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆக்ஸிஜன் குறையக் குறைய சால்டர் வேகமாகப் பற்றும், இந்தக் கோளாறும் கூடும். நிரந்தரத் தீர்வு, அந்தப் பேடைச் செம்புப் பரப்போடு 0.25 மி.மீ. அகல மெல்லிய கால்களால் இணைப்பதுதான்.

எழுந்து நின்ற கெப்பாசிட்டரைப் படுக்கவைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டாம். சூட்டுத் தாக்கத்தில் செராமிக் உள்ளே விரிசல் விடலாம். புதியதைப் போடுங்கள்.

கேள்வி: ரெசிஸ்டர்களின் பக்கவாட்டில் சின்னச் சின்ன சால்டர் உருண்டைகள் வருகின்றனவே?

பதில்: உடலுக்கு அடியில் பிதுங்கிய பேஸ்ட் அது. ஸ்டென்சில் (பேஸ்ட் பூச உதவும் துளைத் தகடு) துளையின் உட்பக்க மூலைகளைச் சரித்து வெட்டச் சொல்லுங்கள். உருண்டைகள் போர்டெங்கும் சிதறியிருந்தால் ஈரம்தான் காரணமாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பேஸ்ட் டப்பாவை 4 மணி நேரமாவது மூடியபடியே வெளியே வைத்த பிறகு திறக்க வேண்டும்.

கேள்வி: ஈயமில்லாத ஜாயின்ட் மங்கலாக இருக்கிறது. கோல்டு ஜாயின்டா (சரியாகப் பற்றாத இணைப்பா)?

பதில்: மங்கல் அதன் இயல்பு. ஓரத்தைப் பாருங்கள். பேடில் மெல்லியதாகச் சரிந்து பரவியிருந்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் பற்றவில்லை.