‘எக்யூப்மெண்ட்’டும் ‘அக்சஸரீஸ்’ஸும் ஒன்றுதானா? ‘எக்யூப்மெண்ட்ஸ்’ என்று எழுதினால் தவறா?

இரண்டும் ஒன்றில்லை. ‘எக்யூப்மெண்ட்ஸ்’ தவறுதான். பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு சொற்களால் எங்கள் வீட்டில் ஒரு வருடம் வீணாய்ப் போனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்களும் ஏதோ விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்து, நடுவில் மாட்டிக்கொண்டுதான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் பாம்பன் பக்கம். அம்மா கடலில் பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாப் பாறைகளில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். அகார் என்கிற, ஜெல்லி மாதிரி உறைய வைக்கும் பொருள் செய்யப் போகிற பாசி அது. கல்லோடு ஒட்டியிருப்பதைக் கையால்தான் பிய்க்க வேண்டும். அதற்காக விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை, முகத்தில் கண்ணாடி. காகிள்ஸைக் கண்ணாடி என்றுதான் சொல்வோம். இறங்குவதற்கு முன் அதன் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து, கடல்நீரில் ஒரு அலசு அலசி மாட்டுவார். இல்லாவிட்டால் ஆவி படிந்துவிடும். அப்போது அம்மாவின் கண்ணாடியில் ஒரு ஓரம் விட்டுப்போய், எம்-சீல் வைத்து அடைத்திருந்தது.

நான் பிளஸ் டூ படித்த வருடம், அம்மாவின் குழுவுக்கு ஒரு படிவம் வந்தது. முங்குவதற்கு வேண்டிய சாமான்கள் வாங்க உதவித்தொகை. முழுக்க ஆங்கிலம். பாசி எடுக்கும் பெண்களுக்கான படிவத்தை ஏன் ஆங்கிலத்தில் அடிக்கிறார்கள் என்று அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. குழுவில் பதினான்கு பேர். அவர்கள் வீடுகளில் மேலே படித்தவள் நான்தான் என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் தமிழ் வழி.

அதில் ‘எக்யூப்மெண்ட்’ என்று ஒரு கட்டம், ‘அக்சஸரீஸ்’ என்று ஒரு கட்டம். எக்யூப்மெண்ட் என்ற சொல்லை நான் இன்ஜின் பட்டறைப் பலகையில்தான் பார்த்திருக்கிறேன். பெரிய இரும்புச் சாமான் என்று எடுத்துக்கொண்டேன். அக்சஸரீஸ் என்றால் செல்போன் கடையில் தொங்கும் பவுச், சார்ஜர், ஹெட்செட். அப்போ சின்னச் சாமான். ஆகவே எக்யூப்மெண்ட் கட்டத்தில் ‘வத்தை 1’ என்று எழுதினேன். வத்தை என்றால் சின்னப் படகு. கண்ணாடி, கையுறை, செருப்பு, வலைப்பை எல்லாவற்றையும் அக்சஸரீஸில் போட்டேன்.

வத்தைக்குக் கொடுக்கும் திட்டம் அது இல்லையாம். அக்சஸரீஸுக்கு நிதியே கிடையாதாம். கேட்கப் போனபோது ஒருவர் சொன்னார்: “அக்சஸரீஸ்னா இருந்தா நல்லது, இல்லாட்டியும் வேலை நடக்கும்னு அர்த்தம்மா. நீங்களே அப்படித்தானே எழுதியிருக்கீங்க?”

அம்மா அவரிடம் கேட்டார்: “கண்ணாடி இல்லாம முங்கிப் பாருங்க சார். கல்லு எது பாசி எதுன்னு தெரியுதான்னு.”

இருவர் சொன்னதும் சரி. அளவில் வித்தியாசம் இல்லை. வேலையே எதனால் நடக்கிறதோ அது எக்யூப்மெண்ட். ஏற்கெனவே ஓடுகிற ஒன்றோடு கூடுதலாகச் சேர்ப்பது அக்சஸரி. பைக் வாங்கும்போது சீட் கவர், மேட் என்று தனியாக ஒரு பில் போடுகிறார்களே, அது. பாசி எடுப்பவளுக்கு ஐம்பது கிராம் கண்ணாடி எக்யூப்மெண்ட்தான். கப்பலைப் புறப்பாட்டுக்குத் தயார் செய்வதைக் குறித்த பழைய நார்ஸ் என்கிற வட ஐரோப்பிய மொழிச் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக, ‘எக்யூப்’ வந்திருக்க வேண்டும் என்று அகராதிகள் சொல்கின்றன. பிறகு அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாகவே இருந்தது. கடல்காரர்களின் சொல் அது.

அடுத்து அந்த ‘எஸ்’. மணல்கள் என்று யாராவது சொல்கிறோமா? எக்யூப்மெண்ட் அந்த மாதிரி மொத்தமாக நிற்கும் சொல். எண்ண வேண்டுமென்றால் ‘த்ரீ பீசஸ் ஆஃப் எக்யூப்மெண்ட்’. மெஷினரி, ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் இதே ஜாதி. அக்சஸரியை எண்ணலாம், அதற்கு எஸ் போடலாம். காகிள்ஸுக்கு ஒரு ஜோடி என்றாலும் எஸ் உண்டு. நான் ‘14 காகிள்’ என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் எல்லோரும் எக்யூப்மெண்ட்ஸ் என்றுதானே எழுதுகிறார்கள், மொழி மாறாதா என்று கேட்க வருவீர்கள். மாறட்டும். எஸ் போட்டதற்காக யாரையும் நான் மட்டமாக நினைக்கவில்லை. ஆனால் படிவத்தைப் படிக்கிறவர் கையில் பேனா இருக்கிறது.

லக்கேஜ் என்று எழுதியதும் வயிறு எரிகிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில் பாலத்துக்கு முந்தைய ஸ்டேஷனான மண்டபத்தோடு நின்றது. கண் சிகிச்சைக்கு அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் வந்த ஒவ்வொரு முறையும் மண்டபத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். உப்புத் தண்ணீரில் கிடந்து கெட்ட கண். பாலம் நூறு வருடத்துக்கு மேல் பழசு, தெரியும். நிறுத்தியது தப்பென்று சொல்லவில்லை. ரயில் வரும் நேரத்துக்கு நாலு பஸ் கூடுதலாக விட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘கியர்’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். மீன்பிடிப் படிவத்தில் ‘கிராஃப்ட் அண்ட் கியர்’ என்றால் படகும் வலையும். தூண்டில், கூடு எல்லாமே கியர்தான். இப்போது நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். புயலில் வலை மொத்தமும் போன ஒரு பெரியவர், கியர் சேதம் என்ற இடத்தில் யாரோ ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்த தாளோடு வந்தார். “கியர் பாக்ஸ் நல்லாத்தான்மா இருக்கு” என்றார். அந்த ‘நில்’லை அடித்துவிட்டு வலையின் நீளத்தைக் கேட்டு எழுதினேன்.

அம்மாவின் குழுவுக்கு மறுவருடம் நானே மறுபடி எழுதினேன். மேலே ‘டைவிங் எக்யூப்மெண்ட்’, எஸ் இல்லாமல். கீழே முதல் வரியில் காகிள்ஸ், பதினான்கு ஜோடி. அக்சஸரீஸ் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன். ஆறு வாரத்தில் பெட்டி வந்து சேர்ந்தது.