துடிப்பும் பால்வெட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

குவாண்டம் கணினி பற்றிய கட்டுரையில், க்யூபிட் என்ற அதன் அடிப்படைத் தகவல் அலகை நுண்ணலைத் துடிப்பால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிறார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். துடிப்பைச் சுருக்கி வலுவாகக் கொடுத்தால் கணக்குச் சீக்கிரம் முடியுமே? அதை மேம்படுத்தத் தனி ஆராய்ச்சி எதற்கு? நான் இயற்பியல் மாணவன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார்.

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள தம்பி,

அந்த ஒரு வரி என் சோம்பல். ஆனால் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பா வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பால்குழாய்கள் பட்டையின் உட்புறம், தண்டை ஒட்டித்தான் நிறைந்திருக்கின்றன. கத்தி மேலோடு போனால் சிரட்டை நிறையாது. மயிரிழை கூடிப்போனால் தண்டில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

மின்தடையே இல்லாத மீகடத்தியால் செய்த க்யூபிட்டிலும் இதே சங்கடம்தான். நமக்கு வேண்டியவை 0, 1 என்ற இரண்டு ஆற்றல் படிகள். வேண்டாத 2ஆம் படியும் மேலே இருக்கிறது. 0இலிருந்து 1க்கு ஏற்றும் அலைவெண் ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸ். 1இலிருந்து 2க்கு ஏற்றுவது அதைவிட 200, 300 மெகாஹெர்ட்ஸ்தான் குறைவு. துடிப்பு நேரத்தில் சுருங்கச் சுருங்க அலைவெண்ணில் அகன்று, அந்த இரண்டாவதையும் தொட்டுவிடும். அவசரப்பட்டு அடித்தால் நிலை 2க்குக் கசிந்துவிடும். நிதானமாக அடிக்கலாமென்றால், பல க்யூபிட்டுகள் நிலைகுலையாமல் தாங்குவதே சுமார் 100 மைக்ரோ நொடிதான்.

2009இல் மோட்சோய், காம்பெட்டா, ரெபன்ட்ராஸ்ட், வில்ஹெம் ஆகிய நால்வரும் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. துடிப்பு ஏறி இறங்கும் வேகத்தை அப்படியே ஒரு சிறு துடிப்பாக்கி, அலையின் கால் சுற்று தள்ளி, முதல் துடிப்போடு சேர்த்துவிட்டார்கள். வேகம் குறையவில்லை, கசிவு வெகுவாக அடங்கியது. ‘ட்ராக்’ என்று அதற்குப் பெயர்.

அதோடு வேலை தீரவில்லை. மரத்துக்கு மரம் பட்டை வேறு, க்யூபிட்டும் அப்படித்தான். இன்று பொருந்திய அலைவெண் நாளை சற்று நகர்ந்திருக்கும். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் 105 க்யூபிட்டுகள். செய்திகள் அந்த எண்ணைக் கொண்டாடின. ஒவ்வொன்றுக்கும் துடிப்பை அளந்து திருத்திக்கொண்டே இருப்பவர்களை யார் கேட்டார்கள்? அதிலும், திருத்துவதற்காக இடையில் எட்டிப்பார்க்க முடியாது. பார்த்தாலே நிலை குலைந்துவிடும். ஒரே துடிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, முடிவுகளை எண்ணித்தான் பிசகைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். கத்தி ஆழமாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறாரா, அதற்கு முன்பே கை சொல்லிவிடுகிறதா?