அரிச்சல்முனைச் சாலைக்கு 'பாஸ்' வேண்டுமா?

கேள்வி: விடுமுறைக்கு ராமேஸ்வரம் வருகிறோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சைக்கிளில் போக மகனுக்கு ஆசை. எழுபது வயது அப்பாவும் கொஞ்சம் நடப்பார். பூநாரைச் சரணாலயம் வந்துவிட்டதால் தலைக்கு ஒரு பாஸ் வேண்டும், குருசடைத் தீவுக்கும் சேர்த்தே வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். அது தேசிய நெடுஞ்சாலை. நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ தரகர் பாஸ் எதற்கு? 2017-இல் இந்தச் சாலை திறக்கும்வரை மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். வேன் சவாரி போயிற்று, தரகு போகவில்லை. 2025-இல் அறிவித்த சரணாலயம் பூநாரைகள் இரை தேடும் நீர்ப்பரப்புகளுக்காக. அதற்குள் இறங்காதீர்கள், அவ்வளவுதான். இதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைத்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். யார் செய்வது?

தூரம் ஒன்பதரை கிலோமீட்டர். திரும்பி வருவதையும் கணக்கில் வையுங்கள். போகும்போது இடப்பக்கம் பெண்கடல் என்கிற அமைதியான வங்கக் கடல், வலப்பக்கம் ஆண்கடல் என்கிற அலையடிக்கும் மன்னார் வளைகுடா. பக்கக்காற்றில் மணல் சாலைக்கு வந்துவிடும். சின்னச் சக்கரம் வழுக்கும். கார், பஸ், நடப்பவர் எல்லோருக்கும் ஒரே சாலை என்பதால் மகன் ஓரமாகவே போகட்டும். அப்பாவை ராமேஸ்வரத்திலிருந்து அரசு பஸ்ஸில் அழைத்து வந்து, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இறக்குங்கள். தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்க அரைமணி நடந்தால் போதும். முனையில் யாரும் குளிக்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும்.

தீவு விஷயம் வேறு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நம் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. விலக்கு குருசடைத் தீவு. அதுவும் பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை நடத்தும் படகில்தான். தரகரின் மச்சான் வைத்திருக்கும் வள்ளத்தில் அல்ல. "தூரத்தில் நின்று பார்க்கலாம்" என்று ஏற்றிக்கொள்ளும் மீன்பிடிப் படகிலும் அல்ல. கடல் சரியில்லாத நாளில் வனத்துறைப் படகும் கிடையாது. அன்று "நான் கொண்டுபோகிறேன்" என்பவரிடம் கட்டாயம் ஏமாறுவீர்கள். டிக்கெட்டைப் படகுத்துறையிலேயே வாங்குங்கள்.

பவளத் துண்டு விற்க வருபவர் "செத்த பவளம்தான், குற்றமில்லை" என்பார். குற்றமே. 1972 வனவிலங்குச் சட்டம் உயிருள்ளது, செத்தது என்று பிரிப்பதில்லை. மாட்டிக்கொள்வது விற்றவர் மட்டுமல்ல, பையில் வைத்திருக்கும் நீங்களும்தான்.

விடிந்ததும் கிளம்புங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். பத்து மணிக்குமேல் அந்தச் சாலையில் நிழல் என்றால் உங்கள் சைக்கிளின் நிழல்தான். பொழுது சாயும் முன்பே போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்.