பைத்தான் பில்லோவில் ஒரு படத்தை எழுதுவதற்காகத் திறக்க முடியாதா?

கேள்வி இதுதான்: சாதாரண ஃபைலைத் திறக்கும்போது படிக்க 'ஆர்', எழுத 'டபிள்யூ' என்று கொடுக்கிறோம். படங்களைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பில்லோவில், இமேஜ்.ஓபனுக்கு 'டபிள்யூ' கொடுத்தால் வேல்யூ எரர் வருகிறது. அப்படியானால் ஒரு படத்தைத் திறந்து, அளவை மாற்றி, திரும்ப அதே ஃபைலில் எழுதுவது எப்படி?

நேரடிப் பதில்: இமேஜ்.ஓபன் படிப்பதற்கு மட்டும்தான். மோடு என்று ஓர் இடம் அதில் இருந்தாலும் 'ஆர்' தவிர எதையும் ஏற்காது. எழுதுவதற்கு சேவ் இருக்கிறது. ஆனால் 'அதே ஃபைலில்' என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அது வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் என் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். பேங்க் எக்ஸாம், போலீஸ் தேர்வு, ஐசிஎஃப் அப்ரண்டிஸ் என்று அப்ளிகேஷன் போட வரும் பிள்ளைகளின் ஃபோட்டோவையும் கையெழுத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. முழுக்க பில்லோதான்.

இமேஜ்.ஓபன் என்ற வரி ஓடியதும் படம் மொத்தமாக மெமரிக்கு வந்துவிடுவதில்லை. ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து இது ஜேபெக்கா, பிஎன்ஜியா, டிஃப்பா என்று கண்டுபிடிக்கும். அகலம், உயரம், கலர் மோடு ஆகியவற்றை ஹெட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதோடு நின்றுவிடும். ரீசைஸ், கிராப், கன்வெர்ட் என்று நீங்கள் பிக்சலைத் தொடும்போதுதான் உள்ளே லோட் ஓடும். பாதி டவுன்லோடில் அறுந்துபோன ஃபைல் திறக்கும் வரியில் ஒன்றும் சொல்லாமல் பத்து வரி தள்ளி எரர் அடிப்பது இதனால்தான். திறந்த உடனே தெரியவேண்டும் என்றால் அடுத்த வரியிலேயே லோட் எழுதிவிடுங்கள். வெரிஃபை என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பிக்சல்களை டீகோட் செய்து பார்க்காது, அதை ஓட்டியபின் படத்தை மறுபடி திறக்கவும் வேண்டியிருக்கும்.

லோட் ஆன பிறகு உங்கள் கையில் இருப்பது வெறும் பிக்சல்கள். அவற்றில் என்ன மாற்றினாலும் டிஸ்கில் இருக்கும் ஃபைலுக்கு அது தெரியாது. டெக்ஸ்ட் ஃபைலில் கடைசியில் ஒரு வரி சேர்ப்பதுபோல் இங்கே செய்யவும் முடியாது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீளம் மாறும் பிட்டுகளாகச் சுருக்கி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு கட்டம் மாறினால் அதன் நீளம் மாறும், பின்னால் வருவதெல்லாம் நகரும். பிஎன்ஜியும் சுருக்கப்பட்டதுதான். ஆகவே எழுதுவது என்றாலே ஃபைலை முழுதாகப் புதிதாக எழுதுவதுதான். 'டபிள்யூ' மோடு இல்லாததற்குக் காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான்.

இப்போது அந்த 'அதே ஃபைல்' விஷயம். ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு சேவ் செய்தால் பழைய ஃபைல் முதலில் காலியாகும், பிறகுதான் புதியது எழுதப்படும். நடுவில் கரண்ட் போனாலோ, டிஸ்க் நிறைந்தாலோ, என்கோடர் எரர் கொடுத்தாலோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஜேபெக்கில் தரம் குறையும். பில்லோ தானாக எடுத்துக்கொள்ளும் குவாலிட்டி 75. அதே ஃபைலைத் திறந்து திறந்து சேவ் செய்தால் ஏற்கெனவே சுருங்கியதையே மறுபடி சுருக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்கு வருகிறவர்களில் பலரிடம் அந்த ஒரு காப்பிதான் இருக்கும். காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் படத்தை பிரேம் போடப் பெரிதாக்க வேண்டும் என்று போனை நீட்டினார். "இது ஒண்ணுதான் கண்ணு இருக்குது, பத்திரமா பண்ணு" என்றார். அப்படிப்பட்ட ஃபைலின் மேலேயே சேவ் செய்யும் ஸ்கிரிப்டை ஒரு கடையில் ஓடவிடக் கூடாது. ஒரிஜினல் ஒரு ஃபோல்டரில் அப்படியே இருக்கட்டும், வெளியே வருவது வேறு ஃபோல்டருக்குப் போகட்டும். பழைய பெயரில்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் சேவ் செய்து, அதைத் திறந்து லோட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பெயரை மாற்றுங்கள்.

திறப்பதை வித் பிளாக்குக்குள் (வேலை முடிந்ததும் ஃபைலைத் தானே மூடிவிடும் பைத்தான் அமைப்பு) வையுங்கள். லோட் ஓடாதவரை ஃபைல் திறந்தே கிடக்கும். பல பக்க டிஃப், அனிமேஷன் ஜிஃப் போன்றவை லோட் ஆன பிறகும் மூடாது, அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கும். விண்டோஸில் அந்த ஃபைலை அழிக்கப் போனால் பர்மிஷன் எரர். லினக்ஸில் ஒரு ஃபோல்டர் முழுக்கத் திறந்து லிஸ்டில் போட்டு வைத்தால் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்'.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. திறக்கும்போது பில்லோ ஃபைலின் உள்ளே பார்க்கிறது, சேவ் செய்யும்போது பெயரின் கடைசியைப் பார்க்கிறது. '.ஜேபிஜி' என்று பெயர் மாற்றப்பட்ட பிஎன்ஜி சிக்கலில்லாமல் திறக்கும். அதனால் அது ஜேபெக் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திறந்த படத்தின் ஃபார்மட் என்ன என்று கேளுங்கள், உண்மையைச் சொல்லும். ஐபோனிலிருந்து வரும் ஹெய்க் படங்களை பில்லோ தனியாகத் திறக்காது. பில்லோ-ஹெய்ஃப் என்ற துணைப் பேக்கேஜைப் போட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கையெழுத்துப் படங்களில் இன்னொரு தொல்லை. ஏதாவது ஆப்பில் பின்னணியை நீக்கி, டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியாகக் கொண்டு வருவார்கள். அதை ஜேபெக்காக சேவ் செய்தால் ஆர்ஜிபிஏ மோடை (நிறத்தோடு டிரான்ஸ்பரன்ட் அளவையும் வைத்திருப்பது) ஜேபெக்காக எழுத முடியாது என்று எரர் வரும். இணையத்தில் தேடினால் ஆர்ஜிபிக்கு கன்வெர்ட் செய் என்பார்கள். எரர் போய்விடும், ஆனால் டிரான்ஸ்பரன்ட் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் கறுப்பு நிறம்தான் இருக்கும். கறுப்பு மையில் போட்ட கையெழுத்து கறுப்புப் பின்னணியில் காணாமல் போகும். வெள்ளை நிறத்தில் புதுப் படம் ஒன்றை இமேஜ்.நியூ கொண்டு உருவாக்கி, அதன் மேல் கையெழுத்தை அதன் ஆல்ஃபா சானலையே (எந்த இடம் எவ்வளவு டிரான்ஸ்பரன்ட் என்று சொல்லும் பகுதி) மாஸ்க்காகக் கொடுத்து பேஸ்ட் செய்யுங்கள்.

உங்கள் வேலையும் அப்ளிகேஷன் ஃபோட்டோ என்றால் இது உதவும். பேங்க் எக்ஸாம் நடத்தும் ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் ஃபோட்டோ 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. எல்லாரும் மேல் வரம்புக்குத்தான் பயப்படுகிறார்கள். அவ்வளவு சின்னப் படத்தைச் சாதாரணமாக சேவ் செய்தால் பல நேரம் கீழ் வரம்பைக்கூடத் தொடாது. குவாலிட்டியை 95 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போவதை பில்லோவின் ஆவணமே வேண்டாம் என்கிறது. போதவில்லையென்றால் சப்சாம்ப்ளிங்கை 0 ஆக்குங்கள். வழக்கமாக நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்து எழுதுவதை அது நிறுத்தும், ஃபைல் கனமாகும், முகத்தின் நிறமும் தெளிவாக நிற்கும். எத்தனை கேபி வந்தது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் எழுத வேண்டியதில்லை. மெமரியிலேயே ஃபைல்போல் இயங்கும் பைட்ஸ்ஐஓவில் சேவ் செய்து நீளத்தைப் பாருங்கள். அதற்குப் பெயர் கிடையாது என்பதால் ஃபார்மட் 'ஜேபெக்' என்று நீங்களே சொல்ல வேண்டும், ஒவ்வொரு குவாலிட்டிக்கும் புது பைட்ஸ்ஐஓ எடுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் நிமிர்ந்து தெரிந்த முகம் சேவ் செய்ததும் படுத்துக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன் பிக்சல்களைத் திருப்புவதில்லை, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை எக்ஸிஃபில் (ஃபைலுக்குள் படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல் பகுதி) எழுதி வைக்கிறது. பில்லோ ஜேபெக்கை எழுதும்போது, நீங்கள் கேட்காவிட்டால் எக்ஸிஃபைக் கொண்டுபோகாது. குறிப்பு போய்விடும், பிக்சல் மட்டும் பழைய திசையிலேயே நிற்கும். திறந்த கையோடு இமேஜ்ஆப்ஸில் இருக்கும் எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸைக் கூப்பிடுங்கள். ரீசைஸுக்கு முன்னாலேயே, இல்லையென்றால் அகலமும் உயரமும் இடம் மாறிவிடும்.

பெரிய ஸ்கேன்களைத் திறக்கும்போது டீகம்ப்ரெஷன் பாம் (சின்ன ஃபைலாக வந்து, விரிந்ததும் மெமரியை நிரப்பிவிடும் படம்) என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கை, அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் எரர். நீங்களே ஸ்கேன் செய்ததாக இருந்தால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். யாரோ அனுப்பும் ஃபைல்களைத் திறக்கும் இடத்தில் வரம்பைத் தொடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் சேவ் செய்யும் வரிகள் இல்லை. அவற்றையும் வித் பிளாக் எங்கே முடிகிறது என்பதையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.