அண்டி ஆபீஸும் ஊக்கத்தொகையும்

அன்புள்ள ஐயா,

விளவங்கோடு வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை, இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 140 பேர், பத்துப்பேர் நீங்கலாக எல்லோரும் பெண்கள். கொட்டை உடைப்புக்கும், பருப்பின் மெல்லிய தோலான தொலியை உரிப்பதற்கும் கிலோக்கூலி. தரம் பிரிப்பவர்களுக்கு நாள்கூலி. பட்டுவாடா சனிக்கிழமை.

பணம் மட்டும் ஊக்கம் தராது, அங்கீகாரமும் பொறுப்பும்தான் தரும் என்று எம்.பி.ஏ.வில் படித்திருந்தேன். அதை நம்பி மூன்று காரியம் செய்தேன். நாகர்கோவிலிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து ஒருநாள் வகுப்பு நடத்தினேன். மாதாமாதம் ‘சிறந்த பணியாளர்’ பலகை வைத்தேன். நன்றாக உரிக்கிற எட்டு அக்காமாருக்கு மட்டும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். ஆறு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை வந்தால் இருபது, இருபத்தைந்து பேர் லீவு. முழுப்பருப்பு குறைந்து, பிளவும் நொறுங்கலும் கூடிவிட்டன. போதாததற்கு, தொலி உரிக்கும் எந்திரம் ஒன்று வாங்கினேன். ‘எந்திரத்துப் பருப்பு எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுக்குகிறார்கள்.

நம்மைப் போன்ற நாடுகளில் இதையெல்லாம் தொழிற்சாலைக்குள் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்களா? அதில் எது எங்களுக்கு ஆகும்? எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட வேண்டாம்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்த பாடத்துக்கு ஊற்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1959-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு எழுதியது. அவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உறுதி. கிலோக்கூலிக்காரியின் நிலைமை வேறு. சனிக்கிழமை அவள் கைக்கு என்ன வரும் என்பதை அவளுடைய கை மட்டும் முடிவு செய்வதில்லை. பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவின் சூடு, கொட்டையின் ஈரம், மேஸ்திரி எந்தத் தட்டை யாருக்குத் தள்ளுகிறார், தராசின் முள் எங்கே நிற்கிறது, எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்தப் பாடத்தை நான் தள்ளிவிடவில்லை. உங்கள் ஆபீஸில் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வேலைக்கும் கூலிக்கும் நடுவிலுள்ள கணக்கு அந்தப் பெண்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்று புகாரும் அங்கேதான் போய் முட்டுகின்றன.

முதலில் அந்த எட்டுப்பேர். ஒரே மேசையில் உட்கார்ந்து உரிக்கிறவர்களுக்குள் கூலி ரகசியம் ஒரு சனிக்கிழமைகூடத் தாங்காது. ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தாசானி மூவரும் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயம்தான். ஒரே பொருளைச் செய்பவர்களை மூன்று மூன்று பேராகக் குழு பிரித்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே நாள்கூலி. சில குழுக்களில் அவரவர் திறனைப் பார்த்து மூன்று விதமான கூலி. தன்னுடைய கூலி குறையவே இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கூடுதல் என்று தெரிந்ததுமே வேலையின் அளவு குறைந்தது. வருகையும் 18 சதவீதப் புள்ளி சரிந்தது. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிற வேலைகளில் இந்தச் சரிவு இல்லை. கூடுதல் கூலி எதற்கு என்று கண்ணால் பார்க்க முடிந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் எட்டுப்பேர் நன்றாக உரிக்கிறவர்களாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு அதைக் காட்டும் அளவுகோல் ஒன்றும் உங்கள் ஆபீஸில் இல்லை. பலகையில் ஏறிய பெயருக்கும் இதே கதிதான்.

இனி போர்மா. நொறுங்கல் கூடியதற்கு மனசில்லாமல் உரிப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டும் முன் இதைப் பாருங்கள். உடைத்தெடுத்த பருப்பில் 8, 9 சதவீதம் ஈரம் இருக்கும். போர்மாவில் 70 டிகிரியை ஒட்டி ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து அதை 3 சதவீதத்துக்குப் பக்கம் இறக்கினால்தான் தொலி சுருங்கிப் பருப்பைவிட்டு விலகும். சூடு மிஞ்சினால் பருப்பு வறண்டு, விரல் பட்டாலே பிளக்கும். சூடு போதாவிட்டால் தொலி ஒட்டிக்கொள்ளும். அதைக் கத்தியால் சுரண்டினால் பருப்பில் கீறல் விழும், தரம் இறங்கும். இரண்டிலும் இழப்பு உரிக்கிறவளின் கணக்கில்தான் ஏறுகிறது. போர்மாவுக்குள் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரேமாதிரி காய்வதில்லை. நடுவில் தட்டுகளை இடம் மாற்றாவிட்டால் ஒரே போர்மாவிலிருந்து மூன்று விதப் பருப்பு இறங்கும். குமரியில் இரண்டு மழையும் உண்டு. ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இறக்கிய பருப்பை ராத்திரி திறந்து வைத்தால் ஈரம் குடித்துவிடும். காலையில் தொலி பழையபடி பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு போர்மாவிலும் மேல், நடு, கீழ் தட்டுகளிலிருந்து ஒவ்வொரு கிலோ எடுங்கள். கை தேர்ந்த மூன்று பேரிடம் கொடுத்து, ஆளுக்கு மூன்று தட்டிலிருந்தும் சம பங்கு போகும்படி கலக்காமல் தனித்தனியாக உரிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அவர்களுடைய வழக்கமான வருமானத்தை நாள்கூலியாகக் கொடுத்துவிடுங்கள். முழுப்பருப்பு, பிளவு, நொறுங்கல், தொலி விடாதது, நான்கையும் நிறுத்து எழுதுங்கள். மூன்று பேருக்கு நடுவே வித்தியாசம் அதிகம் என்றால் கையில் பயிற்சி தேவை. மூன்று தட்டுக்கு நடுவே வித்தியாசம் அதிகம் என்றால் போர்மாவைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதுதான் பெரிதாக வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

நிறுவையையும் இதே கையோடு சீர்செய்ய வேண்டும். 10 கிலோ கொடுக்கிறீர்கள். திரும்பி வருவது 10 கிலோ வராது, வரவும் முடியாது. தொலி போகிறது, பொடி போகிறது. பெரும்பாலான ஆபீஸ்களில் பருப்பை மட்டும் நிறுத்துவிட்டுத் தொலியைக் கூடையில் தள்ளிவிடுவார்கள். குறைகிற எடை யார் தலையில் என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் வளரும். மேஸ்திரி களவு என்று நினைப்பார், உரிக்கிறவள் தராசில் பிடிக்கிறார்கள் என்று நினைப்பாள். தொலியையும் அவள் எதிரிலேயே நிறுங்கள். கூலியில் கைவைக்காமல் ஒரு வாரம் எழுதினால் இயல்பான குறைவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தராசின் முகம் மேஸ்திரி பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அன்றன்றைய எடையை எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று அன்றே அவள் கைக்குப் போகவேண்டும்.

அதன்பிறகு அந்த இரண்டு ரூபாயைத் திரும்பப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் எட்டுப்பேரும் போய்விடுவார்கள். அதையே எல்லோருக்கும் எட்டுகிற விதியாக மாற்றுங்கள். அடிப்படைக் கூலி எல்லோருக்கும் ஒன்று. அவரவர் உரித்ததிலிருந்து அவர் முன்னாலேயே அரைக்கிலோ எடுத்து, முழுப்பருப்பைப் பிரித்து நிறுத்து, அன்றைய போர்மாச் சோதனையில் வந்த அளவைவிட எத்தனை கூடுதல் என்று பார்த்து அதற்குத் தனித்தொகை. சோதனைக்கு உரிப்பவர்கள் வாரம் ஒருமுறை மாறட்டும், யார் என்று உரிக்கிற பெண்களே சொல்லட்டும். இதில் ஓட்டை எங்கே விழும் என்றும் சொல்லிவிடுகிறேன். முழுப்பருப்புக்கு மட்டும் தொகை வைத்தால் நொறுங்கலைத் தொலிக்கூடையில் தள்ளத் தோன்றும். அதனால்தான் தொலியை நிறுக்கச் சொன்னேன், சல்லடையிலும் ஒருமுறை போடுங்கள். டபிள்யூ 320 என்ற முழுப்பருப்புத் தரம் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. அது பிளந்துவிட்டால் விலை எத்தனை இறங்குகிறது என்று உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். தனித்தொகையை அந்த இடைவெளியிலிருந்து எடுங்கள், உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது.

எந்திரத்துக்கு வருகிறேன். பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து செய்யும் பட்டறைகளுக்கு அட்கின், வெர்ஹூகன் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் புதிய வெட்டு அச்சு ஒன்றைச் சும்மா கொடுத்தார்கள். ரெக்சின் வீணாவதை அது குறைக்கும். 15 மாதம் கழித்துப் பார்த்தால் மிகச் சில பட்டறைகள்தான் அதைப் பயன்படுத்தின. வெட்டுபவருக்குத் துண்டுக் கூலி. புதிய அச்சு தொடக்கத்தில் கையைத் தாமதப்படுத்தியது. மிச்சமாகும் ரெக்சினில் அவருக்குக் காசு இல்லை. அதனால் அச்சு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பிறகு சில பட்டறைகளில், வெட்டுபவரும் அச்சடிப்பவரும் புதிய அச்சில் வேலை தெரியும் என்று முதலாளி முன் செய்துகாட்டினால் ஏறக்குறைய ஒரு மாதக் கூலி ஒரே தடவை தருவதாகச் சொன்னார்கள். பயன்பாடு கூடியது. 2017-ல் வெளிவந்த இந்த ஆய்வை உங்களைப் போன்ற எல்லா முதலாளிகளும் படிக்க வேண்டும்.

உங்கள் எந்திரமும் இதைத்தான் செய்கிறது. காற்றழுத்தத்தில் தொலி இளகிய பருப்பையெல்லாம் அது உரித்துவிடும். ஒட்டிப்பிடித்தது மட்டும் மிஞ்சும். முன்பு இளகியதும் ஒட்டியதும் கலந்து வந்தது, சராசரியில் கூலி தேறியது. இப்போது மிச்சப் பருப்புக்கும் பழைய கூலியே கொடுத்தால் நாள் முழுக்க உட்கார்ந்தும் பாதிதான் தேறும். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு பேரை மூன்று நாள் நாள்கூலியில் உட்கார்த்தி, எந்திரம் கழித்த மிச்சத்தை மட்டும் உரிக்கச் சொல்லி எடை பாருங்கள். அவர்களுடைய சென்ற மாத நாள் வருமானம் 450 ரூபாய், மிச்சத்தில் உரிக்க முடிவது 5 கிலோ என்று வந்தால் கிலோவுக்கு 90 ரூபாய். அந்த வீதத்தில் எந்திரம் உங்களுக்குக் கட்டுமா என்று அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள். கட்டவில்லை என்றால் எந்திரத்தின் மேல்தான் குற்றம்.

திங்கட்கிழமை லீவுக்கு அபராதம் போட்டுவிடாதீர்கள். நான்கு வாரம் காரணத்தை மட்டும் எழுதுங்கள். கல்யாணம், ஊர்த் திருவிழா, பஸ் கிடைக்காதது, குழந்தைக்குக் காய்ச்சல், குழுக்கடன் தவணைக் கூட்டம் எல்லாம் தனித்தனியாக. கடைசியாகச் சொன்னதைக் கூர்ந்து பாருங்கள். மைசூரில் தட்டச்சுப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வில், கூலிநாள் நெருங்க நெருங்க வேலை கூடியது தெரிந்தது. கூலிநாள் எந்தக் கிழமை என்பதை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்துப் பார்த்தது அது. எல்லோருக்கும் சனிக்கிழமை கூலி என்றால் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் திங்கட்கிழமை தொய்வு வரும். ஒடிசாவில் இலைத்தட்டு தைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, அவர்கள் ஏற்கெனவே சம்பாதித்த கூலியையே சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு பைசா இல்லை. ஆனாலும் வேலை 7 சதவீதம் போலக் கூடியது, தவறும் குறைந்தது. கடன்காரர் முகம் மனதில் நிற்கும்போது கை தடுமாறும். புதன்கிழமை மாலை, அதுவரை சேர்ந்த கூலியில் பாதியைக் கொடுத்துப் பாருங்கள். சம்பாதித்ததைத்தான் கொடுக்க வேண்டும், முன்பணமாகக் கொடுக்காதீர்கள். முன்பணம் ஆளைக் கட்டிப்போடும், கணக்கும் குழம்பும்.

பயிற்சி வகுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூர்ப் பகுதித் தையல் ஆலைகளில் பலன் தந்தது என்று அத்வர்யு, கலா, நிஷாதம் காட்டிய மென்திறன் பயிற்சி மாதக்கணக்கில் பரவிய சுமார் 80 மணி நேரப் பயிற்சி. ஒருநாள் வகுப்பை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது. அந்த ஆலைகளிலேயே நடந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு அதிகம் ஆகும். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சம்பள உயர்வு வந்த சமயத்தில், சிலரிடம் வேலையைப் பற்றியும் மேற்பார்வையாளரைப் பற்றியும் ஒரு சிறு படிவத்தில் கருத்துக் கேட்டார்கள். அவர்களில் வேலையைவிட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. நீங்களும் கேளுங்கள். மேஸ்திரியை விட்டுக் கேட்காதீர்கள்.

எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 2008-ல் தொடங்கி மும்பை வட்டாரத் துணி ஆலைகளில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் பழுதுகளைப் பதிவு செய்வது, சரக்கை அடுக்கிக் கணக்கு வைப்பது, எந்திரத்துக்குக் கெடும் முன்னே பராமரிப்பு என 38 நடைமுறைகளைப் புகுத்தினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. பல ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது சேர்த்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியது ஒரு காரணம், முதலாளிக்கு நேரமில்லாதது இன்னொரு காரணம். போர்மாப் பதிவேட்டைத் தினமும் ஐந்து நிமிடமாவது நீங்களே புரட்ட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். கொட்டை வராமல் ஆபீஸ் பூட்டுகிற நாள்கள் உண்டே. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் ஒரு பருவம். ஒரு பருவத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் அதற்குரிய ஆறு மாதத்தில் நோய்க்காலப் படி கிடைக்கும். 70 நாளில் ஆபீஸ் பூட்டினால், அந்தப் பெண்ணிடம் காசு பிடித்திருந்தும் காய்ச்சலில் படுத்தால் படி இல்லை. ஆகஸ்ட் நடுவிலும் பிப்ரவரி நடுவிலும் பதிவேட்டை எடுத்து, யாருக்கு எத்தனை நாள் குறைகிறது என்று பட்டியல் போடுங்கள். கையிலிருக்கும் சரக்கில் முதல் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். பட்டியலைத் தராசுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டலாம்.