மூல நிரலிலிருந்து ஒரு திறந்த மூல மென்பொருளை பில்ட் செய்ய என் லேப்டாப்பை எப்படித் தயார் செய்வது?

உபுண்டு வைத்திருக்கிறீர்கள், பைத்தான் தெரியும், சி கொஞ்சம் படித்திருக்கிறீர்கள், எதில் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: சிபைத்தான். நீங்கள் தினமும் ஓட்டுகிற பைத்தான்தான் அது, உள்ளே சி மொழியில் எழுதப்பட்டது. குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம் மாதிரி ஒன்றை எடுத்தால், பில்ட் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் வேலை) சாதாரண லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மெமரி போதாமல் நின்றும் போகலாம். சிபைத்தான் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கற்றுக்கொள்கிற காலத்தில் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யத் தயக்கமே இருக்கக் கூடாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கிட்ஹப்பிலிருந்து குளோன் செய்யும்போது (நிரலை உங்கள் கணினிக்கு நகலெடுக்கும்போது) இடமும் டேட்டாவும் இருந்தால் முழு வரலாற்றோடு எடுங்கள். அதில் 1990-லிருந்து வந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று, ஒவ்வொரு வரியையும் யார் எப்போது மாற்றினார்கள் எனக் காட்டும் 'கிட் பிளேம்' போட்டுப் பார்க்க அந்த வரலாறு வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு ஓட்டுகிறீர்கள் என்றால், கோப்புகளை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். வேகத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிற இடம். 'என் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்கெனவே இருக்கிறதே, பில்ட் ஏன் காணவில்லை என்கிறது?' என்பார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது பாதுகாப்பான இணைய இணைப்புக்கான லைப்ரரி. உபுண்டுவில் ஒரு லைப்ரரியை ஓட்டத் தேவையானது ஒரு பேக்கேஜ், அதை வைத்து கம்பைல் செய்யத் (சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற) தேவையான ஹெடர் கோப்புகள், அதாவது லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்பவை, வேறொரு பேக்கேஜ். பெயர் 'டெவ்' என்று முடிவது இரண்டாவது வகை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். உபுண்டுவே பைத்தானை பில்ட் செய்துதான் தருகிறது, அதற்கு வேண்டிய பட்டியல் அதனிடம் இருக்கிறது. 'ஆப்ட் பில்ட்-டெப்' என்பதோடு உங்கள் உபுண்டுவில் உள்ள பைத்தானின் பதிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் (உதாரணமாக 'பைத்தான்3.12') வேண்டியவை வந்து இறங்கும். அதற்கு முன் சாஃப்ட்வேர் சோர்ஸ் அமைப்பில் சோர்ஸ் கோடைக் குறிக்கும் 'டெப்-எஸ்ஆர்சி'யை இயக்க வேண்டும், வழக்கமாக அது அணைந்தே இருக்கும்.

சரி, இனி கான்ஃபிகர், அதாவது உங்கள் கணினிக்கு ஏற்ப பில்டை அமைக்கும் ஸ்கிரிப்ட். 'வித்-பைடீபக்' சேர்த்துக் கொடுங்கள். வேகம் குறையும், ஆனால் உள்ளே நடக்கும் தவறுகளை உடனே காட்டிக்கொடுக்கும். 'எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்' இப்போதைக்கு வேண்டாம், நேரத்தைத் தின்னும். அப்புறம் மேக், கம்பைல் வேலையைச் செய்யும் கட்டளை. அது பிழையில்லாமல் முடிந்தாலும் கடைசியில் வரும் வரிகளைப் படியுங்கள். எஸ்எஸ்எல், டிகிண்டர் போன்ற மாட்யூல்களுக்குத் தேவையானவை கிடைக்கவில்லை என்றால் பில்ட் நிற்காது, பெயர்களை மட்டும் பட்டியலிட்டுவிட்டு முடிந்துவிடும். எஸ்எஸ்எல் அந்தப் பட்டியலில் இருந்தால், பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் நாளைக்கு எதையும் இறக்காது, காரணம் தெரியாமல் திண்டாடுவீர்கள்.

முடிந்ததும் அதே ஃபோல்டரில் 'பைத்தான்' என்ற கோப்பு இருக்கும், அங்கிருந்தே ஓட்டலாம். மேக்ஓஎஸ்ஸில் மட்டும் அதன் பெயர் 'பைத்தான்.எக்ஸ்ஈ'. அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கப்படாததால் பெரிய எழுத்தில் தொடங்கும் 'பைத்தான்' என்ற ஃபோல்டரோடு மோதாமலிருக்க இந்த ஏற்பாடு. நிறுவியே ஆக வேண்டும் என்றால் 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' பயன்படுத்துங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால், 'பைத்தான்3' என்று அடிக்கும்போதெல்லாம் கணினியுடையதற்குப் பதில் உங்களுடையது ஓடத் தொடங்கும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 'ஆப்ஜெக்ட்ஸ்' ஃபோல்டரில் 'லிஸ்ட்ஆப்ஜெக்ட்.சி'யைத் திறந்து 'பாப் ஃப்ரம் எம்ப்டி லிஸ்ட்' என்ற பிழைச் செய்தியைத் தேடுங்கள். அதை அழித்துவிட்டு 'காலிப் பட்டியலில் எடுக்க ஒன்றுமில்லை' என்று எழுதுங்கள். மறுபடி மேக். இந்த முறை எல்லாவற்றையும் கம்பைல் செய்யாது, மாறியதையும் அதைச் சார்ந்ததையும் மட்டும் தொடும். பில்ட் செய்த பைத்தானில் ஒரு காலி லிஸ்ட்டில் பாப் செய்து பாருங்கள், இன்டெக்ஸ்எரர் உங்கள் தமிழ் வரியோடு வரும். 'லிப்' ஃபோல்டரில் உள்ள பைத்தான் கோப்புகளை மாற்றினால் பெரும்பாலும் மேக்கூடத் தேவையில்லை.

பிறகு அந்த மாற்றத்தைக் கிட் ரிஸ்டோர் மூலம் திருப்பிவிட்டு, மறுபடி மேக் கொடுத்து, லிஸ்ட்டுக்கான டெஸ்ட்டை மட்டும் ஓட்டுங்கள். அது பாஸானால் சூழல் தயார், சிறிய பிழைத்திருத்தம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.